பச்சை உடுப்பு போட்ட மாலுமிகள்

1968 பிப்ரவரி 1ஆம் தேதி கனடாவில் கடற்படை என்ற ஒன்று சட்டப்படி இல்லாமல் போனது. தரைப்படையும் விமானப்படையும் அப்படியே. மூன்றையும் கலைத்துவிட்டு, கனடிய ஆயுதப் படைகள் என்ற ஒரே பெயரில், ஒரே தலைமைத் தளபதியின் கீழ், ஒரே நிறச் சீருடையோடு புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளோடு வருடக்கணக்கில் போராடிய கடற்படை அது. அதன் மாலுமிகள் நீல உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பச்சைக்கு மாற வேண்டியிருந்தது.

முப்படைகளையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி நம் நாட்டிலும் இப்போது அடிக்கடி எழுகிறது. தியேட்டர் கமாண்ட், அதாவது ஒரு போர்ப்பகுதியில் இருக்கும் மூன்று படைகளையும் ஒரே தளபதியின் கட்டளைக்குக் கீழ் கொண்டுவரும் ஏற்பாடு, பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், மூன்று படை எதற்கு, மூன்று தளபதி எதற்கு, ஒன்றாக்கினால் செலவும் மிச்சம், சண்டையும் மிச்சம் என்று யாராவது சொல்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. அதனால்தான் கனடாவின் கதையை நம்மவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதைச் செய்து பார்த்த நாடு அது.

எங்கள் வீட்டில் இது தூரத்துச் செய்தி இல்லை. அப்பா தரைப்படையில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சித்தப்பா விமானப்படையில் சார்ஜென்ட்டாக வெளியே வந்தவர். பண்டிகைக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். "எல்லாரும் ஒரே அரசாங்கச் சம்பளம்தான் வாங்குனோம். ஒரே தளபதி போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்பார் அப்பா. "ஒண்ணும் குறையாதுண்ணே. ஆனா அந்த ஒரே தளபதி எப்பவும் உங்க ஆளாத்தான் இருப்பாரு" என்பார் சித்தப்பா. டெல்லியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வாதம் ஏறக்குறைய இதேதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைகளை ஒன்றாக்கக் கூடாது. களத்தில் கட்டளையை ஒன்றாக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள். கனடா முதலாவதைச் செய்தது, இரண்டாவதைச் செய்ய மறந்தது.

கனடாவில் அப்போது இருந்த சிக்கல் உண்மையானது. 1950களில் அந்த நாட்டின் மூன்று படைகளும் மூன்று வெவ்வேறு போர்களுக்குத் தயாராகிக் கொண்டிருந்தன. கடற்படை அட்லாண்டிக்கில் சோவியத் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக அமெரிக்க, பிரிட்டிஷ் கடற்படைகளோடு பயிற்சி செய்தது. தரைப்படையின் ஒரு பிரிகேட் மேற்கு ஜெர்மனியில் பிரிட்டிஷ் படையோடு நின்றது. விமானப்படை அமெரிக்கர்களோடு சேர்ந்து வட அமெரிக்க வான்பரப்பைக் காத்தது. ஒவ்வொரு படையும் வெளிநாட்டில் இருக்கும் தன் இனத்தோடு நெருக்கமாக இருந்தது, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த சொந்த நாட்டுப் படையோடு இல்லை.

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. பிரதமர் டீஃபன்பேக்கர் முழு எச்சரிக்கை நிலையை அறிவிக்கத் தயங்கினார். பாதுகாப்பு அமைச்சர் ஹார்க்னெஸ் அவருக்குத் தெரியாமலே படைகளைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்தார். அரசின் அனுமதி வருவதற்குள் கப்பல்கள் கடலுக்குக் கிளம்பிவிட்டன. நாட்டின் படைகள் யார் சொல்கேட்டு நகர்கின்றன என்பது ஓட்டாவாவில் இருந்தவர்களுக்கே தெளிவாக இல்லாத நிலை. அதே காலத்தில் அரசு நிர்வாகத்தை ஆராய்ந்த கிளாஸ்கோ ஆணையமும், மூன்று படைகளுக்கும் நடுவே குழுக்கள் மலிந்துகிடக்கின்றன, நிர்வாகச் செலவு ஆயுதம் வாங்கும் பணத்தை விழுங்குகிறது என்று எழுதியது.

1963இல் பியர்சன் அரசு வந்து பால் ஹெல்யர் பாதுகாப்பு அமைச்சரானார். நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. உலகப் போரின்போது விமானியாக விரும்பி, விமானிகள் போதும் என்ற நிலையில் தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் காலம் கழித்தவர். 1964 மார்ச்சில் அவர் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில் மூன்று படைத் தளபதிகளின் பதவிகளும் நீக்கப்பட்டு, முப்படைக்கும் ஒரே தலைமைத் தளபதி வந்தார். சம்பளம், ஆள்சேர்ப்பு, கிடங்கு, உளவு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் வேலை தொடங்கியது. இதுவரைக்கும் பலர் முணுமுணுத்தார்களே தவிர, பெரிய கலகம் எதுவும் இல்லை. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் ஹெல்யரை இன்று எல்லோரும் பாராட்டியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் நிறுத்தவில்லை. நிர்வாகத்தை இணைத்தது போதாது, படைகளே ஒன்றாக வேண்டும் என்றார். ஹாலிஃபாக்ஸில் இருந்த கடற்பிரிவின் தளபதி, ரியர் அட்மிரல் லாண்டிமோர், தன் அதிகாரிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். மிகப் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். 1966இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சியம் சொல்லப் போனபோது, அவர் தயாரித்த உரை அமைச்சர் அலுவலகத்தில் திருத்தப்பட்டது. பின்னர் அது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அந்த ஜூலையில் லாண்டிமோர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அவரைப் போல மூத்த அதிகாரிகள் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்று வெளியேறினார்கள். சட்டம் 1967 ஏப்ரலில் நிறைவேறியது.

அப்புறம் வந்ததுதான் பச்சை உடுப்பு. கப்பல் தளத்தில் நிற்பவருக்கும், போர்விமானம் ஓட்டுபவருக்கும், டாங்கியில் உட்காருபவருக்கும் ஒரே கரும்பச்சைக் கோட்டு. சட்டத்தில் பதவிப் பெயர்களும் தரைப்படையின் பெயர்களாகவே எழுதப்பட்டன. கடற்படையினர் தங்கள் பழைய பெயர்களைப் புழங்கிக்கொள்ளத் தனியாக அனுமதி தர வேண்டியிருந்தது. உடுப்பில் என்ன இருக்கிறது என்று வெளியே இருக்கும் நமக்குத் தோன்றலாம். உயிரைப் பணயம் வைக்கும் வேலையில் ஒருவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதுதான் அவனை இரவில் காவல் நிற்க வைக்கிறது. அதைச் சட்டத்தால் அழித்துவிட்டு வேறொன்றை ஊற்றி நிரப்ப முடியாது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்த எவரிடமாவது தன் ரெஜிமெண்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

மிச்சப்படும் பணத்தில் புதிய ஆயுதம் வாங்கலாம் என்று ஹெல்யர் சொல்லியிருந்தார். அடுத்து வந்த ட்ரூடோ அரசு 1969இல் பாதுகாப்புச் செலவை மூன்று ஆண்டுகளுக்கு உறைய வைத்தது. நாட்டின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான போனவென்ச்சரை, பெரும் செலவில் பழுதுபார்த்து முடித்த சில ஆண்டுகளிலேயே, 1970இல் பணியிலிருந்து விலக்கினார்கள். சிக்கனத்துக்காகச் செய்யப்படும் எந்தச் சீர்திருத்தத்திலும் இதுதான் அபாயம். மிச்சம் பிடித்தவன் கையில் அந்தப் பணம் தங்குவதில்லை, நிதித்துறைக்குப் போய்விடுகிறது.

ஒன்றாக்கிய துணி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது. 1975இல் விமானப் பிரிவுகளுக்கென்று தனிக் கட்டளையகம் வந்தது. 1980களின் நடுவில் மல்ரோனி அரசு மூன்று நிறச் சீருடைகளைத் திரும்பக் கொடுத்தது. 2011 ஆகஸ்ட் 16 அன்று ராயல் கனடியக் கடற்படை, கனடியத் தரைப்படை, ராயல் கனடிய விமானப்படை என்ற பழைய பெயர்களும் திரும்பின. 43 ஆண்டுகள். ஆனால் சட்டத்தில் இன்றைக்கும் அங்கே ஒரே படைதான். பெயரும் நிறமும் மூன்று, சட்டம் ஒன்று என்ற நிலைக்கு வந்து நின்றுவிட்டார்கள்.

இந்தக் கதையை இங்கே முடித்துவிடுபவர்கள் உண்டு. 'பார்த்தீர்களா, தோல்வி' என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. படைகளை ஒன்றாக்கிய பிறகும், ஒரு போருக்கோ அமைதிப்பணிக்கோ மூன்று பிரிவுகளையும் ஒரே கையில் கொடுத்து நடத்துவதற்கான நிரந்தரக் களக் கட்டளையகம் அங்கே உருவாகவில்லை. கடற்பிரிவு ஹாலிஃபாக்ஸில் தன் வழியில், தரைப்பிரிவு தன் வழியில் இயங்கின. 2006இல்தான் உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் தனித்தனிச் செயல்பாட்டுக் கட்டளையகங்கள் வந்தன. அவற்றை இணைத்துக் கூட்டுச் செயல்பாட்டுக் கட்டளையகம் 2012இல் பிறந்தது. ஒரே உடுப்பு போட்டு 44 ஆண்டுகள் கழித்து! போரில் உண்மையாகவே ஒன்றாக வேண்டிய இடத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அங்கே பலித்ததையும் சொல்ல வேண்டும். சமையல்காரர், கிடங்குக் கணக்கர், மருத்துவ உதவியாளர், அலுவலக எழுத்தர் போன்ற துணைப்பணிகள் இன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. கடற்படை உடுப்பு போட்ட எழுத்தர் தரைப்படை முகாமில் வேலை பார்ப்பது அங்கே சாதாரணம். இவற்றை ஊதாப் பணிகள் என்கிறார்கள். கடற்படைக் கப்பலில் இருக்கும் ஹெலிகாப்டர் விமானப்படையுடையது, அதை ஓட்டுபவர்களும் விமானப்படையினர். கப்பலின் கேப்டன் கடற்படைக்காரர். அந்த ஏற்பாடும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சோறும் மருந்தும் சம்பளமும் எந்தப் படைக்கும் ஒன்றுதான் என்பதால் அங்கே இணைப்பு நிலைத்தது. கடலில் ஆறு மாதம் இருப்பதற்கும் பனிமலையில் பதுங்குகுழியில் இருப்பதற்கும் வேறு வேறு புத்தி வேண்டும் என்பதால் மேலே இருந்த இணைப்பு நிலைக்கவில்லை.

தனித்தனியாக இருந்தால் எல்லாம் நலம் என்று நான் சொல்லவில்லை. படைகள் ஒன்றையொன்று நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாம் உலகப் போரின் ஜப்பானைப் பார்த்தால் போதும். அங்கே தரைப்படைக்கும் கடற்படைக்கும் இருந்த பகை, இரண்டு எதிரி நாடுகளுக்கு இடையே இருப்பதைப் போன்றது. கடற்படை தன் சரக்கைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்க்கும் என்ற நம்பிக்கை இல்லாமல், தரைப்படை தானே நீர்மூழ்கிகளைக் கட்டியது. ஆம், தரைப்படைதான்! விமானம் பறக்கும் தளம் கொண்ட கப்பல்களையும் அது வைத்திருந்தது. இரண்டு படைகளும் 7.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகளைப் பயன்படுத்தின. ஆனால் ஒன்றின் தோட்டா மற்றதில் நுழையாது. இரும்புக்கும் எண்ணெய்க்கும் அலைந்துகொண்டிருந்த நாடு அது. ஒரு தீவில் பக்கத்துப் பக்கத்துப் பதுங்குகுழியில் இரண்டு படையினரும் இருந்தால், ஒருவரிடம் தோட்டா தீர்ந்த பின் மற்றவர் கொடுத்து உதவ வழியில்லை.

அமெரிக்கர்களுக்கு இந்தப் பாடம் 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் கிடைத்தது. தெஹ்ரான் தூதரகத்தில் பிணைக்கைதிகளாக இருந்தவர்களை மீட்கப் போன நடவடிக்கை. கண்ணிவெடி அகற்றும் வேலைக்கான கடற்படை ஹெலிகாப்டர்கள், பெரும்பாலும் மரைன் விமானிகள், விமானப்படையின் சரக்கு விமானங்கள், தரைப்படையின் டெல்டா பிரிவு. இத்தனை பேரும் முழுமையாக ஒன்றாகச் சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே கிளம்பினார்கள். நிமிட்ஸ் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. பாலைவனத்தில் சந்திக்கும் இடத்துக்கு ஆறுதான் வந்தன. அதில் ஒன்று பழுது. குறைந்தபட்சம் ஆறு வேண்டும் என்பது திட்டம். கைவிட்டுத் திரும்பும்போது புழுதியில் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் ஏற்றிய விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு அமெரிக்கா என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். படைகளைக் கலைக்கவில்லை. 1986இல் கோல்ட்வாட்டர்–நிக்கோல்ஸ் சட்டம் கொண்டுவந்தார்கள். போர் நடத்தும் அதிகாரத்தைக் களக் கட்டளையகத் தளபதிகளிடம் கொடுத்தார்கள். படைத் தளபதிகளின் வேலை ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ஆயுதம் வாங்கித் தருவது. கூடவே ஒரு விதி: கூட்டுப் பணியில் இருந்த அனுபவம் இல்லாதவர் ஜெனரலாகவோ அட்மிரலாகவோ உயர முடியாது என்பதைப் பொது விதியாக்கினார்கள். அதுவரை கூட்டு அலுவலகத்துக்குப் போவது பதவி உயர்வுக்குக் கேடு என்று ஒதுங்கியவர்கள் போட்டி போட்டு வர ஆரம்பித்தார்கள். சீருடை மாறவில்லை, மனிதர்களின் கணக்கு மாறியது. அதிகாரிகளின் மனதைச் சட்டத்தால் நேரடியாக மாற்ற முடியாது. அவர்களின் பதவி உயர்வைச் சட்டத்தால் மாற்ற முடியும்.

ஒரே படையாக நன்றாக இயங்கும் நாடு இல்லையா என்றால், இஸ்ரேல் இருக்கிறது. தொடங்கியபோதே ஒரே படை, ஒரே தலைமைத் தளபதி, மூன்று பிரிவுக்கும் பொதுவான பதவிப் பெயர்கள். ஆனால் அது விமானத்தில் சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய நாடு. பல நூற்றாண்டு மரபுகள் எதையும் கலைக்க வேண்டிய அவசியமும் அதற்கு வரவில்லை. நமக்கு ஒரு பக்கம் சியாச்சின், இன்னொரு பக்கம் மலாக்கா நீரிணையின் வாசல்.

சரி, நம் கதைக்கு வருவோம். 1999 மே மாதத்தின் முதல் பாதியில் கார்கில் மலைகளில் ஊடுருவல் தெரியவந்ததும், தரைப்படை ஹெலிகாப்டர் தாக்குதல் உதவி கேட்டது. அந்த உயரத்தில் ஹெலிகாப்டர்கள் எளிதான இலக்காகிவிடும், வான்படையைப் பயன்படுத்துவதென்றால் அரசின் முடிவு வேண்டும் என்றது விமானப்படை. தரைப்படைக்குக் கோபம். மே 25 அன்றுதான் அமைச்சரவைக் குழு அனுமதி தந்தது. 26ஆம் தேதி விமானத் தாக்குதல் தொடங்கியது. 27ஆம் தேதி ஒரு மிக்-27, ஒரு மிக்-21 போயின. 28ஆம் தேதி தோளிலிருந்து ஏவும் ஏவுகணையால் ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் வீழ்த்தப்பட்டு அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகு அந்த ஹெலிகாப்டர்களைத் தாக்குதல் வேலையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். மிராஜ் விமானங்கள் உயரத்திலிருந்து லேசர் குண்டு போட ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று அப்பாவும் சித்தப்பாவும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் யோசித்தவரை, ஹெலிகாப்டர் விஷயத்தில் விமானப்படை சொன்னது சரி என்று நிகழ்ந்ததே காட்டியது. ஆனால் அந்தச் சரியான கருத்தும், தரைப்படையின் அவசரமும் ஒரே மேசையில் ஒரே நாளில் மோதி முடிவாகியிருக்க வேண்டும். அப்படி ஒரு மேசை இல்லாததால் மலையில் இருந்தவர்களுக்கு நாள்கள் போயின. ஒரே படையாக இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கலாம். மேலதிகாரி தரைப்படைக்காரராக இருந்து, "போ" என்று முதல் நாளே உத்தரவிட்டிருந்தால், எத்தனை ஹெலிகாப்டர்கள் விழுந்திருக்கும்? எதிர்த்துச் சொல்லும் ஆள் இருந்ததும் நல்லது. முடிவெடுக்கும் ஆள் இல்லாததுதான் கெட்டது.

கார்கிலுக்குப் பிறகு அமைந்த ஆய்வுக் குழுவின் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். படைத் தலைமையகங்கள் அரசின் உச்சக் கட்டமைப்புக்கு வெளியே நிற்கின்றன என்ற குறையை அந்தக் குழு நேராக எழுதியது. அதைத் தொடர்ந்து 2001இல் அமைச்சர்கள் குழு முப்படைத் தலைமைத் தளபதி பதவியைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு போர்ட் பிளேரில் அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் நாட்டின் முதல் முப்படைக் களக் கட்டளையகமாகத் தொடங்கியது. ஆனால் தலைமைத் தளபதி பதவிக்கு 2020 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாவதாக வந்த ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் படைக் கல்லூரிக்கு வரும் வழியில், குன்னூருக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். மூன்று படைகளின் நடுத்தர அதிகாரிகளும் ஒன்றாகப் படிக்கும் கல்லூரி அது. அதன் பின் ஒன்பது மாதங்களுக்கு மேல் அந்தப் பதவி காலியாகக் கிடந்தது. இவ்வளவு முக்கியம் என்று சொன்ன பதவியை அப்படிக் காலியாக வைத்திருந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ராவத் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் 2021 ஜூலையில் அவர் சொன்ன ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பீரங்கிப் பிரிவும் பொறியாளர் பிரிவும் போல விமானப்படையும் ஒரு துணைப்பிரிவு என்று பொருள்படப் பேசினார். அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா உடனே மறுத்தார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சுமார் 12 லட்சம் பேர் கொண்ட தரைப்படை, 1.4 லட்சம் பேர் கொண்ட விமானப்படை, 70,000 சொச்சம் பேர் கொண்ட கடற்படை. இவற்றைக் கலந்து ஒன்றாக்கினால் கிடைப்பது புதிய படை இல்லை, விரிந்த தரைப்படை. கனடாவில் சட்டப் புத்தகத்தில் தரைப்படைப் பதவிப் பெயர்கள் ஏறியது தற்செயல் இல்லை.

இந்த வாதங்களில் யாருமே பெரிதாகப் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அப்பா. அவர் பணியின் பிற்பகுதியில் ஒரு முப்படை அலுவலகத்தில் இருந்தார். அங்கே வேறு படையைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருப்பார். அலுவலகத்தின் தலைவர் தரைப்படை கர்னல். அந்த ஓட்டுநரைக் கூப்பிட்டுத் திட்டலாம், அவ்வளவுதான். தரைப்படைக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம், விமானப்படைக்கு அதே ஆண்டின் வேறொரு சட்டம், கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம். ஒருவர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறாரோ அந்தப் படையின் அதிகாரிதான் பொதுவாக அவரைத் தண்டிக்க முடியும் என்பது அப்போதைய நிலை. கோப்பு எழுதி, அவருடைய சொந்தப் படைப்பிரிவுக்கு அனுப்பி, அங்கிருந்து கேள்வி வந்து, மறுபடி பதில் எழுதி... கடைசியில் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆள் கேட்டார்களாம். "வண்டி ஓட்டுறவனையே கேட்க முடியலை. சண்டையில எப்படிடா கேப்பாங்க?" என்றார் அப்பா.

இதற்கான சட்டம் 2023இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முப்படை அமைப்புகளின் தலைவர், எந்தப் படையைச் சேர்ந்தவராக இருந்தாலும், தன் கீழ் இருக்கும் எல்லோர் மீதும் அந்தந்தச் சட்டத்தின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். 2024 மே 10 முதல் அமலில் இருக்கிறது. படைகளின் தனிச் சட்டங்கள் எதுவும் மாறவில்லை. யாருடைய உடுப்பும் மாறவில்லை. பத்திரிகைகளில் இதற்குப் பெரிய தலைப்பும் கிடைக்கவில்லை. ஆனால் ஒருங்கிணைப்பு என்ற பெயரில் இதுவரை நடந்தவற்றில் இதுதான் உருப்படியானது என்று நினைக்கிறேன். ஹெல்யர் தொடங்கிய இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்கிய வேலை இது.

தமிழ்நாட்டிலேயே ஒரு சூழலைக் கற்பனை செய்து பாருங்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம். அங்கிருந்து கிளம்பும் பி-8ஐ விமானம் கடலில் வெகுதூரம் போய்க் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடுகிறது. தஞ்சாவூரில் விமானப்படையின் 222ஆவது அணி, 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது. பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 விமானங்கள். கடலில் இருக்கும் கப்பலைத் தாக்குவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆக, கண் கடற்படையிடம், கை விமானப்படையிடம். வங்காள விரிகுடாவில் எதிரிக் கப்பல் ஒன்று இருப்பதை அரக்கோணம் விமானம் பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தஞ்சாவூரிலிருந்து விமானம் எழும்ப எந்தத் தளபதி உத்தரவிட வேண்டும்? கிழக்குக் கடற்படைக் கட்டளையகம் விசாகப்பட்டினத்தில். தெற்கு விமானக் கட்டளையகம் திருவனந்தபுரத்தில். இருவரும் பேசி ஒத்துழைப்பார்கள், இன்றும் பயிற்சிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒத்துழைப்பு என்பது இரண்டு பேருடைய நல்ல மனதை நம்பியிருப்பது. அந்த இரண்டு தளங்களும் ஒரே கடல்சார் தளபதியின் கீழ் வந்தால், விமானிகள் விமானப்படையினராகவே இருந்துகொண்டு, உத்தரவு ஒரே இடத்திலிருந்து வரும். அதற்காக அரக்கோணத்து மாலுமியும் தஞ்சாவூர் விமானியும் ஒரே படையாக வேண்டியதில்லை.

விமானப்படையின் அச்சத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 42 போர்விமான அணிகள் வேண்டும் என்பது அரசே ஒப்புக்கொண்ட அளவு. 2025 செப்டம்பரில் கடைசி மிக்-21 ஓய்வு பெற்றபோது 29தான் மிஞ்சின. இதை மூன்று தியேட்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், மேற்கே சண்டை நடக்கும்போது தெற்கே சும்மா நிற்கும் விமானத்தை யார் கேட்டு வாங்குவது? காலையில் ராஜஸ்தானிலும் மாலையில் அசாமிலும் இருக்க முடிவதுதான் விமானத்தின் பலமே. என் எண்ணம், கடல்சார் வேலைக்கென்றே இருக்கும் தஞ்சாவூர் அணி போன்றவற்றைத் தியேட்டரிடம் கொடுத்துவிட்டு, மற்ற போர்விமானங்களை டெல்லியின் மையக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது. விமானம் போதாத நாட்டில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், இரட்டைச் செலவு உண்மையாகவே இருக்கிறது. அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டரை விமானப்படைக்கு 22 வாங்கினோம். பிறகு தரைப்படைக்குத் தனியாக 6 வாங்கினோம். ஒரே ஹெலிகாப்டருக்கு இரண்டு பயிற்சி ஏற்பாடு, இரண்டு உதிரிபாகக் கிடங்கு. இணைக்க வேண்டியவை இவைதான். மருத்துவம், கிடங்கு, பழுதுபார்ப்பு, தகவல்தொடர்புக் கருவிகள். சிக்னல்ஸில் பல வருடம் ஓட்டிய அப்பா சொல்வது, மூன்று படையின் ரேடியோவும் ஒன்றோடொன்று பேசினால் பாதி ஒருங்கிணைப்பு முடிந்துவிட்டது என்று. கனடாவில் நிலைத்து நின்றதும் இந்தக் கீழ்மட்ட இணைப்புதான்.

2025 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் மோ நகரில் நடந்த முப்படைக் கருத்தரங்கில், விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தியேட்டர் கமாண்டுக்கு அவசரப்பட வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். டெல்லியில் ஒரு கூட்டுத் திட்டமிடல் மையம் போதும் என்பது அவர் யோசனை. அதே மேடையில் கடற்படைத் தளபதி திரிபாதி தியேட்டர் முறையை ஆதரித்துப் பேசினார். மறுநாள் பல இடங்களில் 'முப்படைக்குள் மோதல்' என்று எழுதினார்கள். எனக்கு அது மோதலாகத் தெரியவில்லை. விமானப்படைத் தளபதியின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. டெல்லியில் ஒரு மையம் இருந்தால் போதாது, களத்தில் பொறுப்பேற்கும் ஆள் வேண்டும். ஆனால் அவர் எழுந்து சொன்னது நாட்டுக்கு நல்லது. 1971இல் மானெக்‌ஷா, பி.சி. லால், நந்தா என்று மூன்று தளபதிகளும் தனித்தனியாகத் தங்கள் படையின் பலமும் பலவீனமும் அறிந்து பேசினார்கள். கராச்சித் துறைமுகத்தைத் தாக்கும் திட்டம் தரைப்படைக்காரர் மூளையில் உதித்திருக்காது. அரசுக்கு மூன்று குரல் கேட்க வேண்டும். முடிவெடுத்த பிறகு களத்தில் ஒரு குரல் போதும்.

தியேட்டர் கமாண்ட் வரும்போது அதற்கான விதிகளில் ஒன்றை நான் தேடிப் பார்ப்பேன். தலைமைத் தளபதியின் கருத்திலிருந்து மாறுபடும் படைத் தளபதி, தன் மறுப்பை எழுத்தில் நேராக அமைச்சரவைக் குழுவின் முன் வைக்க உரிமை இருக்கிறதா, நாடாளுமன்றக் குழு கேட்டால் யாரும் திருத்தாத உரையைப் படிக்க முடியுமா என்று. லாண்டிமோருக்கு அது கிடைக்கவில்லை. இங்கே அது எழுத்தில் இருந்தால், எத்தனை தியேட்டர், எந்த ஊரில் தலைமையகம் என்பதிலெல்லாம் அரசு எப்படி முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதமே.